சட்டைப் பையில் இரண்டு வளையங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. இங்கே இருவரும் நலமாக இருக்கிறோம், என் வலது கை மட்டும் மூன்று வார விடுப்பில் இருக்கிறது. அங்கே நீயும் உன் சர்க்கரையும் சண்டை சச்சரவில்லாமல் காலம் தள்ளுகிறீர்களா என்று அறிய ஆசை. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம், பெரிதாக ஒன்றுமில்லை, போன வியாழக்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் உலையைத் திறந்து தட்டை எடுக்கும்போது வலது கைக்கு உறை போட மறந்துவிட்டேன். ஆயிரத்து இருநூறு டிகிரியிலிருந்து ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்கி இருநூறுக்கு வந்துவிட்டது, இனி என்ன என்ற அலட்சியம். உள்ளங்கையும் மூன்று விரல்களும் கொப்பளித்துவிட்டன. என்னோடு பொடி நிறுக்கும் வேலை பார்க்கிறவனை நாங்கள் தராசு என்று கூப்பிடுவோமே, அவன்தான் கட்டுப் போட அழைத்துப் போனான். போகிற வழியெல்லாம், "ஊருக்கெல்லாம் உறை போடு உறை போடுன்னு கத்துற வாய், பக்கத்துலயே இருக்கற கைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே" என்று என்னை வறுத்தெடுத்துவிட்டான். நான் பேசுகிறபடியே எழுது என்றால் சின்னவள் கேட்கவில்லை, "கடிதம்னா ஒழுங்கா எழுதணும்ப்பா, இதை அக்கா நாலு பேர்கிட்ட காட்ட வேண்டியிருக்கும்" என்கிறாள். ஆகவே இதில் அழகாக இருக்கும் வாக்கியங்கள் அவளுடையவை, தடுமாறும் இடங்கள் என்னுடையவை.

வீட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, புதிதாக ஒன்றும் இல்லாததுதான் இங்கே சேதி. சாப்பாட்டு மேசையின் நாலு நாற்காலிகளில் இரண்டில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், அம்மாவுடையதிலும் உன்னுடையதிலும் சின்னவளின் புத்தகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஃபிரிட்ஜ் கதவில் உன் மருந்துக் குப்பிகள் நிற்குமே, அந்த மேல்தட்டு நீ போன நாளிலிருந்து காலியாகவே இருக்கிறது. ஒருநாள் இவள் அங்கே முட்டைகளை அடுக்கியிருந்தாள், நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கீழே வைத்தேன், மறுநாள் பார்த்தால் இவளும் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டைத் துடைத்து வைத்திருக்கிறாள். இப்படித்தான் நடக்கிறது எங்கள் குடித்தனம். வேலை முடிந்து படியேறும்போது பக்கத்து வீட்டில் ரேடியோ பாடும், அவர்கள் மருமகள் யாரையாவது திட்டுவாள், நம் வீட்டுக் கதவைத் திறந்தால் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்கும். சாப்பிட உட்காரும் முன் என் கண் இன்னும் கடிகாரத்துக்குத்தான் போகிறது, ஊசி போட்டாயிற்றா என்று கேட்க வாயைத் திறந்து, கேட்க ஆளில்லாமல் மூடிக்கொள்கிறேன். நீ போனில் கூப்பிடுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனில் எனக்கு இரண்டு கேள்விகள்தான் வரும், "சாப்பிட்டியா", "எவ்வளவு இருக்கு". நீ ஓர் எண்ணைச் சொல்வாய், நான் சரி என்பேன், பிறகு ஒருவர் மூச்சுவிடும் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம், "சரிப்பா, வேலை இருக்கு" என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல நாலு மாதமாக வாயெடுக்கிறேன், அந்த இரண்டு கேள்விகள்தான் வருகின்றன.

அதைச் சொல்லும் முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ வேலை பார்க்கும் இன்சுலின் பம்பு ஆய்வுக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது அல்லவா. எங்கள் மேடம் மூன்று வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்த ஆக்சைடு கலவை ஒருவழியாகப் பிடிகொடுத்திருக்கிறது. துருவைப் போன்ற சிவப்புப் பொடி, அதனுடன் ஒரு வெள்ளைப் பொடி, இரண்டையும் சேர்த்து அரைத்து, வளையமாக அழுத்தி உலையில் வைத்தால், சிவப்பாகப் போனது கறுப்பாக வரும். வந்த உடனே அது காந்தமில்லை, வெறும் ஓடு. கம்பிச் சுருளுக்குள் வைத்து ஒரு நொடி மின்சாரம் பாய்ச்சினால்தான் உயிர் வரும், வந்த உயிர் பிறகு லேசில் போகாது. அந்த வலிமையை அளப்பதற்குத் தனி அறை இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். சாவி, கைக்கடிகாரம், போன், காந்தத் துண்டு, பையில் எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் முள் பொய் சொல்லும். புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் பேசிக்கொண்டே உள்ளே நுழைவார்கள், நான் இருந்த இடத்திலிருந்தே "பையைக் காலி பண்ணு" என்று ஒரு சத்தம் போடுவேன். அவர்கள் எனக்குப் பைகாலி சார் என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை கை சுட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தராசிடம் சொன்னேன், உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்க முடியாத நாற்பது பேருக்கு உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில், மருந்தைத் தானே சொட்டுச் சொட்டாக இறக்கும் அந்தப் புதுப் பம்பைக் கட்டிவிட்டுப் பார்க்கிறீர்கள், நீயும் அவர்களில் ஒருத்தியாக ஒன்றைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுடைய அளவுகளையும் எழுதுகிறாய். நாலு மாதம் முன்பு நீ இங்கே வந்த அன்று உனக்கு உடம்பு கெட்டதே, அன்றைக்குப் பம்பின் கணக்கில் எல்லாச் சொட்டும் ஒழுங்காக இறங்கியதாக இருக்கிறது, உன் இரத்தத்தில் ஒன்றும் வந்து சேரவில்லை. பம்பை மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தால் நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் குழாய் மாட்டும்போது நீதான் தவறியிருக்க வேண்டும் என்கிறார்கள். இருபத்துநாலாம் தேதி கூடுகிறார்கள். அதற்கு முன் என் கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆய்விலிருந்தும் அந்த வேலையிலிருந்தும் விலகிவிடப் போவதாக எழுதியிருந்தாய். "எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலப்பா. ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ. ஒன்பது வயசுலேர்ந்து ஒரு ஊசி தவறவிடாதவ, இப்ப என்னையே நம்ப முடியலன்னா, மத்தவங்க அளவை எந்த முகத்தோட எழுதறது" என்று நீ எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் மறுநாள் உலைக்குள் வெறுங்கையை விட்டேன். அந்தக் கடிதத்தின் கடைசியில், அவர்கள் கொடுத்த படிவத்தில் இருந்த கேள்விகளையும் வரிசையாக எழுதியிருந்தாய். அதில் ஆறாவது கேள்வி, வலுவான காந்தத்தின் அருகில் இருந்தீர்களா என்பது. நீ இல்லை என்று எழுதியதாகச் சொல்லியிருந்தாய்.

அந்த இல்லை தவறு மகளே. அது உன் தவறில்லை, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ வந்த அன்று காலை நான் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே விமான நிலையத்துக்கு வந்தேன். மேடத்தின் புதுக் கலவையில் முதன்முதலாகத் தேறிய வளையங்களில் இரண்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது எங்கள் விதி, உனக்குக் காட்டிவிட்டு மறுநாள் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். உனக்கு ஒன்பது வயதில் இந்த நோய் வந்தபோது அம்மா ஊசி போடுவாள், என் வேலை பென்சிலைப் பிடிப்பது, நினைவிருக்கிறதா. பென்சிலில் ஒரு வளையத்தைக் கோத்து அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் மேலே இருப்பது கீழே இருப்பதைத் தொடாமல் காற்றில் நிற்கும். "ஏம்ப்பா அது விழல" என்று கேட்பாய், அதுக்குக் கீழே இருக்கிறதைப் பிடிக்கவில்லை என்பேன். "திருப்பிப் போட்டா" என்பாய், அப்போ பிடிச்சுக்கும், அப்புறம் விடாது என்பேன். அதற்குள் ஊசி முடிந்திருக்கும். அந்தப் பழைய வளையங்களைவிட இவை எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று உனக்குக் காட்டத்தான் எடுத்துவந்தேன். அவ்வளவுதான் என் எண்ணம், சின்னப் பிள்ளைத்தனம்.

நான் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. அம்மா போன அன்றுகூட உன் தலையில் கையை வைத்தேன், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று இரண்டு வருடத்துக்குப் பிறகு நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது உன் தோளெலும்பு துணிக்கு மேலே தெரிந்தது, நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இழுத்து அணைத்துக்கொண்டேன். நீகூடத் திகைத்துப்போய், "என்னப்பா, யாராவது சொல்லிக் குடுத்தாங்களா" என்று சிரித்தாய். பயணத்துக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று பம்பை ஒரு துணிப் பையில் போட்டுக் கழுத்திலிருந்து சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. அணைத்தபோது நெஞ்சுப் பக்கம் ஏதோ லேசாக இழுத்தது. இருபத்திரண்டு வருடம் காந்தத்தோடு பிழைக்கிறவன், நெஞ்சில் ஒன்று இழுத்தால் காந்தம் என்று நினைக்க வேண்டாமா. பாசம் என்று நினைத்தேன்.

பிறகு ஐந்து மணி நேரப் பஸ். நீ ஜன்னல் பக்கம் உட்காராமல் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வண்டி ஊரைத் தாண்டும் முன்பே என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாய். உன் தலை என் தோளில், உன் கழுத்துப் பை என் சட்டைப் பையோடு ஒட்டிக்கொண்டு. நீ விழித்துவிடக் கூடாது என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன், கை மரத்துப்போனது, நடத்துனர் சில்லறையை நீட்டியபோது கண்ணாலேயே மடியில் போடச் சொன்னேன். என் வாழ்க்கையில் நல்ல ஐந்து மணி நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த ஐந்து மணி நேரமும் உனக்கு ஒரு சொட்டு மருந்துகூட இறங்கியிருக்காது. வீட்டுக்கு வந்ததும் தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்தாய், பயண அலுப்பு என்றேன். வாந்தி எடுத்தாய், பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சர்க்கரை தலைக்கு மேல் போனால் வருமே, அந்த அழுகிய பழவாடை உன் மூச்சில் வந்தபோதுதான் எனக்கு உயிர் போனது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை மகளே, பம்பு என்றால் தானாக இயங்கும் ஊசி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது, அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுவதற்கு அரிசி அளவில் ஒரு காந்தம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள், நான் யாரைக் கேட்டேன்.

சொன்னது சின்னவள். உனக்குத்தான் தெரியுமே, அச்சடித்த எதையும் இவள் விடமாட்டாள், பிஸ்கட் உறையின் பின்பக்கம் வரை படிப்பாள். நீ திரும்பிப் போய் ஒன்பதாம் நாள், நீ விட்டுப்போன பம்பின் கையேட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். "அப்பா, இதைப் போட்டுட்டுக் குளிக்கலாமாம்ப்பா. இடி மின்னல் வந்தா ஒண்ணும் ஆகாதாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அடுத்த வரியை வாய்விட்டுப் படித்தாள், வலுவான காந்தங்களுக்கு அருகில் கொண்டுசெல்ல வேண்டாம், மருந்து இறங்காமலே இறங்கியதாகக் காட்டக்கூடும் என்று. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குத் தெரியாது என்று நான் இருந்தேன். வேலைக்கு மாட்டும் அங்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினேன், நிலைப்படிக்கு வெளியே நின்று பைகளை உதறிவிட்டு உள்ளே வந்தேன், இங்கே காந்தம் பட்டுக் கெட ஒன்றுமே இல்லை, நீயும் இல்லை. தினமும் உதறினேன்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னம்மா, வேகமாகச் சொல்கிறேனா என்று கேட்டேன். தலை நிமிராமல், "அக்கா வந்த அன்னிக்குச் சாயங்காலம் உங்க சட்டையை நான்தான் துவைக்க எடுத்தேன்ப்பா" என்றாள். "பையில ரெண்டு வளையம் இருந்துச்சு. அக்கா முழிச்சதும் விளையாடட்டும்னு நான்தான் அவ தலைமாட்டு ஸ்டூல்ல வச்சேன். அவ பம்பு தலையணைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. நீங்க பண்ணலப்பா. நான்தான் பண்ணேன்." நாலு மாதம் மகளே. பதினாலு வயதுப் பிள்ளை, ஒரே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, தன் அக்காவைச் சாகக் கொடுக்கப் பார்த்தது தான்தான் என்று நாலு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் கொன்றிருப்பேனே என்று நான் இந்தப் பக்கம். நடுவில் சாப்பாட்டுத் தட்டு. நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் அந்த வளையங்களை ஸ்டூலில் பார்த்து நான்தான் எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன், எப்படி அங்கே வந்தன என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை கட்டுப் போட்ட கையை அவள் தலையில் வைத்திருந்தேன், அவளுக்கு வலிக்கவில்லை, எனக்கு வலித்தது.

(அக்கா, அப்பா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் அவ்வளவு நேரம் அழவில்லை.)

மறுநாள் வேலைக்குப் போனேன். விடுப்பில் இருக்கிறவன் எதற்கு வந்தாய் என்று மேடம் கேட்டார். டப்பாவை அவர் மேசைமேல் வைத்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், விதியை மீறி வளையங்களை வெளியே எடுத்துப்போனதையும் சொன்னேன். நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "இத்தனை வருஷம் எல்லார் பையையும் பார்த்தீங்க. உங்க பையை யாரும் பாக்காம விட்டுட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அளக்கும் அறைச் சாவியை எடுத்தார். தராசு வாசலில் நின்று என் பையைத் தடவிப் பார்த்து, சாவியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து மரப்பெட்டியில் போட்டான். எனக்கு வலது கை இல்லாததால் அவன் வளையங்களைப் பிடித்தான், மேடம் கருவியைப் பார்த்து எண் சொன்னார், நான் இடது கையால் எழுதினேன். இரண்டு வளையங்களும் சேர்ந்து மேல்பரப்பில் ஆயிரத்து இருநூறு காஸ், காந்த வலிமைக்கு அதுதான் அளவு. நடுவில் ஒரு மடிப்புத் துணி வைத்தாலும் கிட்டத்தட்ட அதேதான், உன் பம்பின் கையேட்டில் போட்டிருக்கும் எல்லையைப் போல இரண்டு மடங்கு. ஒரு விரலகலம் தள்ளினால் முந்நூறு. நாலு விரல் தள்ளினால் இருபதுகூட இல்லை. பிறகு சின்னவள் தன் பள்ளி ஸ்கேலால் அளந்து தாளில் எழுதிக்கொடுத்திருந்த தூரம், உன் தலையணைக்கும் அந்த ஸ்டூலுக்கும் நடுவில் ஒன்றரைச் சாண். அந்தத் தூரத்தில் வைத்துப் பார்த்தோம். முள் அசையவில்லை. நான் இன்னொரு முறை வைக்கச் சொன்னேன், அசையவில்லை. தராசுகூடக் குனிந்து பார்த்துவிட்டு, "போய்ப் பிள்ளைகிட்டச் சொல்லுண்ணே" என்றான். ஆகவே சின்னவள்மேல் குற்றமில்லை, இது அப்பா சமாதானத்துக்குச் சொன்னதல்ல, கருவி சொன்னது. உன்மேலும் குற்றமில்லை. குழாயை நீ ஒழுங்காகத்தான் மாட்டியிருப்பாய், ஒன்பது வயதிலிருந்து ஒழுங்காகச் செய்கிறவள் அன்று மட்டும் ஏன் மறக்கப்போகிறாய். இருந்தது என் சட்டைப் பையில்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தக் கவனக்குறைவுத் தாளில் கையெழுத்துப் போடாதே. ஆறாவது கேள்வியில் இல்லை என்பதை அடித்துவிட்டு ஆம் என்று எழுது. இந்தக் கடிதத்தோடு அளவுத் தாள் இருக்கிறது, மேடத்தின் கையெழுத்தும் கூடத்தின் முத்திரையும் இருக்கின்றன, இருபத்துநாலாம் தேதிக்கு முன் உன் கையில் கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். உங்கள் பொறியாளர்கள் இதே அளவுக் காந்தத்தைப் பம்பின்மேல் ஐந்து மணி நேரம் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும், அப்போது தெரியும். வளையங்களை அனுப்பவில்லை, வழியில் யார் யார் இடுப்பில் உன்னுடையது போலப் பம்பு இருக்குமோ. இன்னொன்றையும் உன் குழுவிடம் சொல். வலுவான காந்தம் என்று அச்சடித்துவிட்டால் போதாது. படிக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரிய எந்திரம்தான் நினைவுக்கு வரும், உனக்கும் அதுதானே வந்தது, அப்பாவின் சட்டைப் பை வரவில்லை. வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், பையில் என்ன வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கச் சொல். மீதி முப்பத்தொன்பது பேருக்கும் அப்பாக்கள் இருப்பார்கள்.

எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பிறகு நீ இங்கே வருவதற்கு யோசிப்பாயோ என்று பயம். யோசித்தால் தப்பில்லை. நாலு மாதம் சொல்லாமல் இருந்ததற்கு நீ கோபப்பட்டாலும் தப்பில்லை, அதை நான் வாங்கிக்கொள்கிறேன், போனில் கத்து, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மூச்சுச் சத்தத்தைவிட அது மேல். அன்று உன்னை அணைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று எனக்குள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, பழையபடி தலையில் கைவைக்கிறவனாகவே இருந்திருக்கலாம் என்று. பென்சிலில் மேலே நிற்கும் வளையத்தைப் போல, விழாமல், தொடாமல். கருவி அதற்கும் பதில் சொல்லிவிட்டது. கெடுத்தது அணைத்தது அல்ல, பையைக் காலி பண்ணாமல் அணைத்தது.

வேறு என்ன. பம்பைத் திரும்பக் கட்டிக்கொள்ள உனக்கு மனம் வரும் வரை ஊசியே போட்டுக்கொள், அவசரமில்லை. பம்பு கட்டினாலும் பெட்டியில் ஊசி இருக்கட்டும். தனியாக இருக்கிறவள், பக்கத்து அறைப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்து வை. குளிர் அதிகம் என்றாய், காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே, காலில் சின்னக் காயம் பட்டாலும் பார்த்துக்கொள். எல்லாரையும் பையைக் காலி பண்ணச் சொல்கிறவன் உனக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன், உன் பை ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது, சர்க்கரை இறங்கினால் வாயில் போட இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். உன் எண்கள் ஏறாமல் இறங்காமல் நடுவழியிலேயே நடக்கட்டும். நீ நீடூழி இருக்க வேண்டும், என்னைவிட அதிக நாள், சின்னவளுக்குக் குறையாத நாள். அம்மா இருந்திருந்தால் இதை நாலு வரியில் எழுதியிருப்பாள், அவள் வாழ்த்தையும் இதோடு சேர்த்துக்கொள். இருபத்துநாலாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கையால் போட்ட கையெழுத்து, பல்லி ஓடியது போல இருந்தாலும் செல்லும்)

அக்கா, தாளில் மீதி இருக்கும் இடத்தில் நான் எழுதுகிறேன். அப்பா கடித உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். இதை மூன்று மாலைகளில் சொன்னார். நடுநடுவே எழுந்துபோய் ஜன்னலில் நின்றதையெல்லாம் நான் எழுதவில்லை. நேற்று நான் ஊசியும் நூலும் எடுத்து அவருடைய சட்டைப் பைகளை எல்லாம் வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "பஸ் டிக்கெட்டை எங்கடி வைக்கறது" என்று கத்தினார். கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஒரு கைதானே இருக்கு" என்றார். பிறகு உன்னை அழைத்துவரப் போட்டுக்கொண்டு போனாரே, அந்தச் சட்டையை மட்டும் எனக்குத் தெரியாமல் அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார், இன்று காலை அவரே கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அதையும் தைத்துவிட்டேன். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதால் அதற்குக் கறுப்பு நூல். தையல் கோணலாக, நன்றாகத் தடித்துத் தெரிகிறது. அதுவும் நல்லதுதான், நீ விமான நிலையக் கதவைத் தாண்டி வரும்போதே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம்.